அக்காவின் முழங்கால் வளையங்கள்

அந்தச் சனிக்கிழமை அக்கா திருமானூரிலிருந்து அரியலூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் முதலில் சொன்னது இதுதான்:

"சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. கண்டக்டரு நாலு தடவ 'உக்காருங்க டீச்சர், உக்காருங்க டீச்சர்'ங்குறாரு. கால் மடங்க மாட்டேங்குதுன்னு பஸ்ஸு முழுக்கக் கேக்குற மாதிரியா சொல்ல முடியும்? நின்னுக்கிட்டே வந்துட்டேன்."

அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் போனது. அன்றிலிருந்து கேலிப்பர் போட்டுத்தான் நடக்கிறாள். காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, தொடையில் தோல் வார், கீழே பூட்ஸ். முழங்கால் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கீல் உண்டு. கீலின் மேல் ஒரு சின்ன இரும்பு வளையம் சரிந்து விழுந்து பூட்டிக்கொண்டால் கால் நேராக நிற்கும். உட்காரும்போது குனிந்து இரண்டு வளையங்களையும் மேலே இழுத்துவிட்டால் கீல் மடங்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். அந்த வளையங்கள் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். கொஞ்சம் இறுகினால் உட்கார முடியாது. கொஞ்சம் தளர்ந்தால் நடக்கும்போது திடீரென்று மடங்கி ஆளைக் கீழே தள்ளிவிடும்.

அக்கா திருமானூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் தலைமை ஆசிரியை. வெயிலில் வேர்த்து வேர்த்து வளையத்தின் வெள்ளை முலாம் உரிந்து, துரு ஏறி இறுகிவிட்டது. சேலைகளில் எல்லாம் முழங்கால் உயரத்தில் காவிக் கறை. திருச்சியில் கேலிப்பர் செய்து கொடுத்தவர்கள், முழுசாகப் புதிதாகத்தான் செய்ய வேண்டும், மூன்று மாதமாவது ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத் ஒன்று வைத்திருக்கிறேன். அக்கா அளவு எடுக்க விட்டாள். வளையம் இரண்டு, கீலுக்கான ஊசி இரண்டு, அதற்குத் திருகு நான்கு என்று மொத்தம் எட்டு உருப்படிகளை இரண்டு வாரமாக ஷிஃப்ட் முடிந்து வந்து கடைந்து, ராவி, வழுவழுப்பாக்கி வைத்திருந்தேன். மிச்சம் இருந்தது துருப்பிடிக்காமல் பண்ணுவது மட்டும்தான். பெயிண்ட் அடித்தால் அதன் கனத்துக்கே வளையம் சிக்கிக்கொள்ளும். முலாம் போட்டாலும் நாளைக்கு உரியும். ஆலையில் சில சின்ன பாகங்கள் கறுப்பாக வரும், துப்பாக்கி நிறத்தில். அது பூச்சு இல்லை. இரும்பின் மேல்தோலையே கறுப்பாக மாற்றிவிடுவது. கனம் ஏறாது. அதைத்தான் செய்வது என்று முடிவு செய்து நாலைந்து வீடியோ பார்த்தேன். காஸ்டிக் சோடாவையும் இன்னொரு உப்பையும் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரைவிட அதிகச் சூட்டில் வைத்து, இரும்பை அதில் தொங்கவிட வேண்டும். ஆபத்தான வேலை என்று வீடியோவில் எல்லாரும் சொன்னார்கள். முப்பது வருஷமாக இரும்போடு இருக்கிறவன் நான், எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கொட்டகைக்கு வெளியே முருங்கை மர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். கேலிப்பரைக் கழற்றிக் கொடுத்தாள். பட்டையில் இருந்த பழைய வளையங்களையும் ஊசிகளையும் தட்டி எடுத்தேன். "இப்ப நான் உன் கையில மாட்டிக்கிட்டேன். திங்கட்கெழம பள்ளிக்கூடம் போவணும், பாத்துக்க," என்றாள். கேலிப்பர் இல்லாமல் அவளால் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

என் மனைவி அடுப்பங்கரைக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவளும் அக்காவும் சேர்ந்தால் பேச்சு ஓயாது. கேஸ் அடுப்பின் மேல் எவர்சில்வர் பாத்திரத்தில் கரைசல் கொதித்துக்கொண்டிருந்தது. எட்டு உருப்படியையும் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டேன். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை எல்லாம் போட்டிருந்தேன். எனக்கு மட்டும். வீட்டில் இருந்ததே ஒரு கண்ணாடிதான்.

அப்போது ஆலையிலிருந்து போன். தகரத்துக்குக் கீழே சிக்னல் கிடைக்காது. "இந்தா வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போனேன். கன்வேயர் பேரிங் ஒன்று சூடாகிறதாம். அதற்கு என்ன செய்யலாம் என்று ஐந்து நிமிஷம் பேசியிருப்பேன்.

அந்த ஐந்து நிமிஷத்தில் நடந்ததை அக்கா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மனைவி பாத்திரத்தை எட்டிப் பார்த்திருக்கிறாள். கரைசல் வற்றி, கம்பியில் மேலே இருந்த வளையம் பாதி வெளியே தெரிந்திருக்கிறது. உலையில் தண்ணீர் குறைந்தால் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள். ஒரு மக்கில் பச்சைத் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

அந்தச் சூட்டில் பச்சைத் தண்ணீர் விழுந்த மாத்திரத்தில் ஆவியாகிக் கரைசலைத் தூக்கி எறியும். சொட்டுச் சொட்டாக, ஓரமாக, தூர நின்றுதான் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் நான் சொல்லவில்லை. யாரும் அதைத் தொடக்கூடாது என்றுகூடச் சொல்லவில்லை.

டமார் என்று ஒரு சத்தமும், அதன் மேல் அவள் அலறலும் கேட்டன. போனைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருவதற்குள் அலறலுக்கு மேல் அக்காவின் குரல் கேட்டது. அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிற குரல்.

"கண்ணக் கசக்காத! கைய எடு! எஞ் சத்தம் வர்ற பக்கமா வா புள்ள! வா, வா, வா!"

அக்கா ஸ்டூலில் இல்லை. அங்கிருந்து துவைக்கிற கல்லும் குழாயும் பத்தடி தள்ளி இருக்கும். கையை ஊன்றி, இடுப்பால் நகர்ந்து, கொட்டிக் கிடந்ததைச் சுற்றிக்கொண்டு குழாயடிக்குப் போயிருந்தாள். செடிக்குத் தண்ணீர் விடும் ட்யூப் அவள் கையில் இருந்தது. மனைவியின் நைட்டியைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் சாய்த்து, வலது கண்ணின் இமையை இரண்டு விரலால் பிளந்து, மூக்குப் பக்கமிருந்து வெளியே ஓடுகிற மாதிரி தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

எனக்கு மூளை வேலை செய்த விதம் இப்போது நினைத்தாலும் கூசுகிறது. காஸ்டிக் சோடா காரம், காரத்துக்குப் புளிப்பு மாற்று என்று மட்டும் உள்ளே ஓடியது. அடுப்பங்கரைக்குப் போய் எலுமிச்சம்பழத்தை அரிந்து எடுத்துக்கொண்டு வந்து நின்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "கண்ணுல எலுமிச்சம்பழத்தப் புழியப் போறியா? கீழ போடுறா அத. மோட்டாரு போடு. தண்ணி நிக்கக் கூடாது."

மோட்டார் போட்டேன். மனைவியின் கையிலும் கழுத்திலும் பட்ட இடங்களில் நான் மக்கால் ஊற்றினேன். "போதும் அண்ணி, எரியுது, வுடுங்க அண்ணி" என்று அவள் கெஞ்சினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று நானும் இரண்டு தடவை குனிந்தேன். இரண்டு தடவையும் அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"அர மணி நேரம் ஆவணும். என் பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள சுண்ணாம்புப் பொட்டலத்த அமுக்கி கண்ணுல தெறிச்சிடுச்சு. அள்ளிக்கிட்டு ஓடுனேன். டாக்டரம்மா என்னையத்தான் வஞ்சாங்க, ஏன் மொதல்ல கழுவலன்னு. அன்னைக்கு வாங்குன வசவு எனக்கு மறக்கல. நீ போயி வண்டி பாரு."

பக்கத்து வீட்டுக்காரரின் ஆம்னி வேன் இருந்தது. அவர் வந்து நின்ற பிறகும் அக்கா விடவில்லை. மணி பார்த்து, முப்பது நிமிஷம் ஆன பிறகுதான் குழாயைக் கீழே வைத்தாள். ஈரத்துணியைக் கண்மேல் வைத்து, "போற வழியிலயும் பாட்டில் தண்ணிய ஊத்திக்கிட்டே போ," என்றாள். அக்காவைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஈரத்தரையில் அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

பாதி வழியில்தான் அடுப்பின் ஞாபகம் வந்தது. கரைசல் இன்னும் கொதிக்கிறது, அக்கா தனியாகக் கிடக்கிறாள், அவளால் எழுந்து நடக்கக்கூட முடியாது. போன் போட்டேன். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"சிலிண்டரத்தானே கேக்குற? மூடிட்டேன். இப்ப ஸ்டூலு மேல ஏறி ஒக்காந்து தலைய தொடச்சிக்கிட்டிருக்கேன். அவளப் பாரு."

அரியலூர் அரசு ஆஸ்பத்திரியில் மறுபடியும் சலைன் விட்டுக் கழுவினார்கள். கையில் இரண்டு இடம் வெந்திருந்தது, அதற்கு மருந்து போட்டார்கள். பெரம்பலூரில் ஒரு கண் டாக்டரம்மா சனிக்கிழமை மாலை வரை பார்ப்பார், உடனே காட்டிவிடுங்கள் என்றார்கள். ஆம்னியிலேயே போனோம். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று. என் மனைவி வீட்டில் தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே, "அதுல தண்ணி ஊத்தக் கூடாதாங்க?" என்று கேட்டாள்.

"நான் சொல்லிட்டுப் போயிருக்கணும்," என்றேன்.

"ஆமா, சொல்லியிருக்கலாம்ல," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

டாக்டரம்மா முதலில் ஒரு சின்னக் காகிதத் துண்டைக் கண் ஓரத்தில் வைத்து, காரம் மிச்சம் இருக்கிறதா என்று நிறம் பார்த்தார். பிறகு மஞ்சள் மருந்து ஒரு சொட்டு விட்டு, நீல விளக்கைக் காட்டி மெஷின் வழியாக வெகு நேரம் பார்த்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அவர் வாயைத் திறக்கும் வரைக்கும் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு எழுத்தும் மனசில் ஏறவில்லை.

"எவ்வளவு நேரம் கழுவுனீங்க?"

"அர மணி நேரம் மேடம். ஆஸ்பத்திரியில தனியா."

"யாரு கழுவுனது?"

"எங்க அக்கா."

"நர்ஸா?"

"டீச்சர்ங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நான் செய்ய வேண்டியதுல முக்கால்வாசிய அவங்களே செஞ்சிட்டாங்க. கருவிழியோட மேல்தோல் தேஞ்சிருக்கு. உள்ள எறங்கல. வளந்துரும்னுதான் நெனைக்கிறேன். மருந்த நேரத்துக்குப் போட்டுட்டு, மறுபடி கட்டுப் போட்டு வச்சிருங்க. நாலு நாள் கழிச்சுப் பாத்துட்டு முழுசா சொல்றேன்."

வளர்ந்துவிடும் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குப் பின்னால் இருந்த 'நெனைக்கிறேன்' படிக்கட்டில் இறங்கும்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்தால் அக்கா அடுப்பங்கரை வாசலில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசல் வழியாகப் போன கீரைக்காரம்மாவைக் கூப்பிட்டு அரிசியைக் களைந்து தரச் சொல்லி, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து சோறு வடித்திருக்கிறாள். முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, கட்டுப் போடாத கண்ணைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். நாலைந்து நிமிஷம் சத்தமில்லாமல் அழுதாள். "வெங்காயம்டா" என்று என்னிடம் சொன்னாள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கண் வலிக்கிறது என்று அதற்கும் அக்காவையே செல்லமாகத் திட்டினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. ஆனால் அக்காவின் கால் அங்கேதான் கிடந்தது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு போனேன். ஆறிப்போன கரைசல் வெள்ளையாக உறைந்திருந்தது. உருப்படிகளை எடுத்துக் கழுவினேன். பாதி கறுப்பு, பாதி செங்கல் நிறம், கைபட்டால் ஒட்டுகிற சேறு. அந்தக் கரைசலை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்துத் தனியாக வைத்தேன். பிறகு எங்கள் ஆலைக் கெமிஸ்ட்டிடம் கொடுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாங்கி முறைப்படி அழித்தார்.

"இத அப்படியே மாட்டிக் குடுத்துடுறேன் அக்கா, எண்ணெய் மட்டும் போட்டுக்க. ஒரு மாசம் தாங்கும்," என்றேன்.

ஒரு கண்ணில் கட்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்த மனைவி கேட்டாள், "ஏங்க, கறுப்பாவணும், துரு புடிக்கக் கூடாது, அவ்வளவுதான? புது தோசக்கல்ல என்ன பண்ணுறோம்? எண்ணெயத் தடவித் தடவிக் காய வக்கிறோம். கறுப்பாயிடுது. துரு புடிக்கிறதில்ல."

நான் அவளையே பார்த்தேன். ஆலையில் பழைய ஃபிட்டர்கள் அப்படித்தான் செய்வார்கள். இரும்பைச் சூடாக்கி எண்ணெயில் போடுவது. எனக்குத் தெரியாதது இல்லை. புதுசாக, கடையில் வாங்கின மாதிரி வர வேண்டும் என்ற ஆசையில் அதை நினைத்தே பார்க்கவில்லை.

"பண்றேன். ஆனா நீ எந்திரிச்சு வரக் கூடாது. அக்காவும் வரக் கூடாது. கதவ சாத்திக்கங்க," என்றேன்.

"இத நேத்து சொல்லியிருக்கணும்," என்றாள் அக்கா.

சேற்றையெல்லாம் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மறுபடி வெள்ளை இரும்பாக்கினேன். இந்தத் தடவை திறந்த வெளியில், பக்கத்தில் மணல் வாளியும் எண்ணெய்ப் பாத்திரத்துக்கு ஒரு மூடியும் வைத்துக்கொண்டேன். வளையத்தைக் கம்பியில் மாட்டித் தீயில் காட்டினேன். முதலில் வைக்கோல் நிறம் வந்தது. பிறகு பழுப்பு, அதன் பிறகு மயில் கழுத்து நீலம். நீலம் மங்கும்போது எண்ணெயில் இறக்கினேன். சுர்ரென்று புகைந்தது. கொஞ்ச நேரம் தள்ளி நின்றுவிட்டு அடுத்ததை எடுத்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அப்படிச் செய்தேன். எட்டும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. துணியால் துடைத்தபோது ஆழ்ந்த, மினுக்கில்லாத கறுப்பு. கடையில் வாங்கின மாதிரி இல்லை. ஒன்றில் லேசாக நீலச் சாயல்கூட நின்றிருந்தது. விரலால் தேய்த்தேன், ஒட்டவில்லை.

மாட்டிக் கொடுத்தேன். அக்கா வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். வளையங்கள் இரண்டும் தாமாகச் சரிந்து, டிக் டிக் என்று உட்கார்ந்தன. கூடத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். நாற்காலிக்கு முன்னால் நின்று, குனிந்து, ஒரு விரலால் தூக்கினாள். கால் மடங்கியது. உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பத்துத் தடவையாவது செய்திருப்பாள். நானும் மனைவியும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"நல்லாருக்குடா," என்றாள்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அன்றும் அடுத்த நாளும் அவள் போன் போட்டு விசாரித்ததெல்லாம் மனைவியைத்தான். மருந்து போட்டாயா, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுகிறதா, சீழ் மாதிரி ஏதாவது வருகிறதா. என்னிடம் கேட்க அவளுக்கு நம்பிக்கை இல்லை போலிருந்தது.

அந்த நாலு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மக்குதான் வந்தது. புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் பெரம்பலூருக்குப் போனோம். கட்டைப் பிரித்தார்கள். மஞ்சள் மருந்து, நீல விளக்கு, மெஷின். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் படிக்கச் சொன்னார்கள். பெரிய எழுத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். கடைசிக்கு முந்தின வரியில் கொஞ்சம் தயங்கி, ஒரு எழுத்தை மட்டும் தப்பாகச் சொன்னாள்.

டாக்டரம்மா அவள் பழைய கண் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "முன்னாடியே இந்த வரி உங்களுக்கு முழுசாத் தெரியாதேம்மா. அதே அளவுதான் இருக்கு. தழும்பும் இல்ல. நல்லா ஆறியிருச்சு. இன்னும் ஒரு வாரம் சொட்டு மருந்து, அவ்வளவுதான்."

"தையல் மெஷின்ல ஒக்காரலாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து ஒக்காருங்க."

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருந்த கடையில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தோம். அவள் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டாள். அக்காவுக்குப் போன் போட்டு அவளே சொன்னாள். அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் அக்கா, "செரி செரி, வைக்கிறேன், கிளாஸ்ல இருக்கேன்" என்று சொன்னாள், ஆனால் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அரியலூர் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. பஸ் புறப்பட்டது தெரியும். அதற்குப் பிறகு எதுவும் தெரியாது. அவள் தோளில் சாய்ந்து, வாய் பிளந்து, அரியலூர் வரைக்கும் தூங்கியிருக்கிறேன். ஊர் வந்ததும் தட்டி எழுப்பினாள்.

"நான் தூங்குனது உனக்குத் தொந்தரவா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நான் பாத்துக்கிட்டே வந்தேன். வழியெல்லாம் மக்காச்சோளம் கதிர் வச்சிருச்சு," என்றாள்.